மெட்டியில் சிவந்த பஞ்சு

“யார் குடுத்தாதாம்மா நீ தேய்ச்சுப் பாக்காம வாங்கிக்குவ?” என்று நேற்று மாலை போனில் கேட்டாயே, அதற்கு இன்றைக்கும் என்னிடம் பதில் இல்லை. நான் பேசாமல் இருந்ததைக் கோபம் என்று எடுத்துக்கொண்டு, “சரி, வெக்கிறேன்” என்று நீ வைத்துவிட்டாய். கோபமில்லை. யோசித்துக்கொண்டிருந்தேன். உன் அப்பா கொடுத்தால் வாங்கிக்கொள்வேனா? அவர் அரக்கோணத்திலிருந்து வாங்கி வரும் வெண்டைக்காயைக்கூட நுனி ஒடித்துப் பார்த்துத்தான் கூடையில் போடுகிறேன். நீ கொடுத்தால்? முதல் சம்பளத்தில் நீ வாங்கித் தந்த கைக்கடிகாரத்தை வீட்டுக் கடிகாரத்தோடு ஒரு வாரம் ஒப்பிட்டுப் பார்த்தேன். நீ பார்த்துவிட்டுச் சிரித்தாய். இப்படி ஒவ்வொருவராக எண்ணிக்கொண்டு போனதில் ஆள்கள்தான் தீர்ந்துபோனார்கள்.

இன்று சனிக்கிழமை. பள்ளி இல்லை. அப்பா காலை ஷிப்டுக்குப் போய்விட்டார். வாட்ஸ்அப்பில் இதை எழுதினால் நீ விரலால் மேலே தள்ளிவிட்டுக் கடைசியில் ஒரு கும்பிடு படம் போடுவாய். அதனால் காகிதத்தில் எழுதுகிறேன். உனக்குக் கல்யாணத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அதற்குள் உன்னிடம் சொல்லவேண்டியவை சில இருக்கின்றன, எல்லாம் அந்த மெட்டியைச் சுற்றித்தான்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன், ஏனென்றால் நேற்று நீ பாதியில் குறுக்கிட்டாய். வியாழக்கிழமை சாயங்காலம் உன் சரோஜா அத்தை ஆர்.கே.பேட்டையிலிருந்து பஸ் பிடித்து வந்தாள். மணப்பெண்ணுக்கு மெட்டி வாங்குவது நம் வீட்டில் மாப்பிள்ளையின் அத்தை செய்கிற சீர். எனக்கும் உன் அப்பாவின் அத்தைதான் வாங்கினாள். நூல் வராமல் வீட்டுத் தறி இரண்டு வாரம் நின்றபோதும் உன் அத்தை இதற்கென்று எடுத்து வைத்திருந்த பணத்தைத் தொடவில்லையாம். சிவப்பு வெல்வெட் பெட்டி. உள்ளே மூன்று சுற்று நெளி, மேலே சிறிய பூ. அழகாகத்தான் இருந்தது. பெட்டியை என் கையில் வைத்துவிட்டு, “நீயே வெச்சுக்கோ டீச்சரம்மா. அன்னிக்கு அம்மி கிட்ட நீயே எடுத்துக் குடுத்துடு. நான் பின்னாடி எங்கனா குந்திக்கிறேன்” என்றாள்.

ஏன் அப்படிச் சொன்னாள் என்று உனக்குத் தெரியும். நிச்சயதார்த்தத்தன்று உன் சித்தி சமையலறையில் வைத்து, “மெட்டி வாங்கறது சரி. அவங்க கையாலயே குடுக்கணுமா? நல்ல காரியம் பாருங்க, வேற யார்னா எடுத்துக் குடுக்கட்டுமே” என்றாள். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள், ஆனால் அத்தை அடுத்த அறையில் வெற்றிலை அடுக்கிக்கொண்டிருந்தாள். மாமா இறந்து பதினெட்டு வருடம் ஆகிறது. அன்றிலிருந்து நம் வீட்டு விசேஷங்களில் அவள் கடைசி வரிசை நாற்காலியில்தான் உட்காருகிறாள், யாரும் உட்காரச் சொல்லாமலே. அன்று நான் சித்திக்குப் பதில் சொல்லியிருக்கவேண்டும். ரசத்துக்கு உப்பு பார்த்துக்கொண்டிருந்தேன். இது நான் உன்னிடம் ஒப்புக்கொள்ளும் முதல் தவறு.

அத்தை போன பிறகு மெட்டியை எடுத்துப் பார்த்தேன். மெட்டி முழு வளையம் இல்லை, கீழே வாய் திறந்திருக்கும். விரல் அளவுக்கு அழுத்தினால் வெள்ளி வளைந்து கொடுக்கும். இது வளையவில்லை. கட்டைவிரலால் அழுத்தினேன், நகம்தான் வலித்தது. வெள்ளியோடு செம்பு சேர்த்தாலும் இவ்வளவு விறைப்பு வராது. எனக்கு உடனே இதைப் போட்டுக்கொள்ளப்போகிற நித்யாவின் ஞாபகம் வந்தது.

நித்யா முகூர்த்தப் புடவை பார்க்க வந்த அன்று கையில் துணிப்பட்டை வைத்த கடிகாரம் கட்டியிருந்தாள். அதன் கொக்கிக்கு அடியில் பிளாஸ்திரி. நான் கேட்கவில்லை, பார்த்தேன். அவளே சொன்னாள், “எனக்கு கவரிங் ஒத்துக்காது ஆன்ட்டி. ஜீன்ஸ் பட்டன் பட்டாக்கூட ரெண்டு நாள்ல செவந்து தண்ணி விட்டுக்கும். டாக்டர் நிக்கல் அலர்ஜின்னாரு.” பிறகு என் முகத்தில் என்ன பார்த்தாளோ, அவசரமாக, “மெட்டி போட்டா பரவால்ல ஆன்ட்டி, பொறுத்துக்குவேன்” என்றாள். அந்தக் கடைசி வார்த்தை எனக்குப் பிடிக்கவில்லை. அதைப் பற்றிப் பின்னால் எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் முடிந்ததும் ஆய்வகத்தில் உட்கார்ந்தேன். பள்ளிச் செய்முறைத் தேர்வில் நிக்கல் உப்பு கொடுப்பதில்லை. ஆனாலும் டைமெத்தில் கிளையாக்சைம் என்ற வெள்ளைப் பொடியை ஒரு சின்னப் புட்டியில் நான் எப்போதும் வைத்திருப்பேன். அதை ஆல்கஹாலில் கரைத்து, ஒரு சொட்டு அம்மோனியாவோடு பஞ்சில் நனைத்து உலோகத்தின்மேல் அரை நிமிடம் தேய்த்தால், நிக்கல் இருக்குமிடத்தில் பஞ்சு ரோஜாச் சிவப்பாகும். இடைநிலைத் தனிமங்கள் பாடம் நடத்தும்போது பிள்ளைகள் தூங்கிவிடாமல் இருக்க இதைத்தான் செய்து காட்டுவேன். முதலில் என் கொலுசைத் தேய்த்தேன், பஞ்சு வெள்ளையாகவே இருந்தது. பிறகு உன் பழைய சாவிக்கொத்து வளையம், சிவந்தது. புட்டி சரியாகத்தான் இருக்கிறது என்று தெரிந்தபின் மெட்டியை எடுத்தேன். மேல்பூவில் தேய்த்தபோது ஒன்றும் வரவில்லை. எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்பதை நீ நம்பமாட்டாய். பிறகு வாய் திறந்திருக்கும் அந்த வெட்டு முனையில் தேய்த்தேன். பஞ்சு சிவந்தது. மேலே வெள்ளிப் பூச்சு, உள்ளே செம்பும் துத்தநாகமும் நிக்கலும். மூன்று தடவை செய்தேன், மூன்று தடவையும் சிவந்தது.

“மூணு தடவையும் நெஜமாவே செஞ்சியா?” என்று நேற்று நீ கிண்டலாகக் கேட்டாய். அது எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். நீ பிளஸ் டூ படிக்கும்போது, நான் வீட்டில் திருத்திக்கொண்டிருந்த என் மாணவிகளின் ரெக்கார்டு நோட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினாய். பெர்மாங்கனேட் தரம்பார்த்தல். ஊதா நிறக் கரைசல் சொட்டுச் சொட்டாக விழுந்து நிறமிழந்து, கடைசி ஒரு சொட்டில் இளஞ்சிவப்பு நிலைத்து நிற்கவேண்டும். ஒத்த அளவீடு வரும்வரை திரும்பத் திரும்பச் செய்யவேண்டும். எல்லா நோட்டிலும் எல்லா அளவீடும் ஒத்திருந்தன. “ஒரு பொண்ணுக்குக்கூட ஒரு சொட்டு தப்பலயாம்மா?” என்று கேட்டாய். நாற்பது பேர், பன்னிரண்டு பியூரெட், ஒரு பீரியட். முதல் அளவைச் சரியாகப் பாருங்கள், மற்றதை எழுதிக்கொள்ளுங்கள் என்று நான்தான் சொல்லியிருந்தேன். எல்லாப் பள்ளியிலும் நடப்பதுதான் என்று உன்னிடம் சமாளித்தேன். நீ நோட்டை மூடிவிட்டு எழுந்து போனாய். பிறகு கெமிஸ்ட்ரியில் நீ என்னிடம் ஒரு சந்தேகமும் கேட்டதில்லை. நடப்பதுதான் என்பது பதில் இல்லை என்று அன்று சொல்லியிருக்கவேண்டும். இன்று சொல்கிறேன்.

நேற்று முடிவைச் சொன்னதும் நீ சொன்ன வழி சுலபமானது. “அத்தைகிட்ட சொல்லாதம்மா. அதே டிசைன்ல நல்ல வெள்ளியில வாங்கிப் பெட்டியில வெச்சுடு. யாருக்கும் தெரியாது.” உன் நோக்கம் நல்லது. தெரிந்தால் அத்தை உடைந்துபோவாள், சித்திக்குப் பேச வாய் கிடைக்கும், ‘அந்தக் கை பட்டதே ஆகாதுன்னு அப்பவே சொன்னேன்’ என்று மண்டபம் முழுக்கப் பரவும் என்று பயப்படுகிறாய். எனக்கும் அந்த பயம் இருக்கிறது. நேற்றிரவு பாதி மனது உன் பக்கம்தான் இருந்தது. அதனால்தான் உடனே முடியாது என்று சொல்லவில்லை.

இங்கே உனக்குத் தெரியாத ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்லவேண்டும். ரேவதி என்று வைத்துக்கொள். பல வருடங்களுக்கு முன் பதினொன்றாம் வகுப்பில் படித்தாள், கிராமத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வருவாள். புதுக் கம்மல் போட்ட சில நாளில் காது இரண்டும் வீங்கிச் சீழ் கட்டியிருந்தது. நான் எல்லார் முன்னாலும், “காதைக் கழுவறதில்லையா? ஞாயித்துக்கிழமையாவது ஒழுங்கா தலைக்கு ஊத்திக்க” என்றேன். “கழுவிகினுதான் கீறேன் மிஸ்” என்றாள். வகுப்பு சிரித்தது. அவள் பேச்சுக்காகச் சிரித்தார்களா, காதுக்காகச் சிரித்தார்களா, தெரியாது. நான் தடுக்கவில்லை. அடுத்த நாள் கம்மலைக் கழற்றிவிட்டு ஈர்க்குச்சி சொருகிக்கொண்டு வந்தாள். அதே வாரம்தான் நான் நிக்கலின் சிவப்பைச் செய்து காட்டினேன். பச்சைக் கரைசல் சிவப்பு வீழ்படிவானதும் முதலில் கை தட்டியது அவள்தான். நிக்கல் உலோகக் கலவைக்குப் பயன்படும், வனஸ்பதி தயாரிக்க வினையூக்கி என்று கரும்பலகையில் எழுதினேன், அவளும் எழுதிக்கொண்டாள். அவள் காதில் இருந்ததும் அதுதான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இரண்டு வருடம் கழித்து ஒரு தோல் மருத்துவர் பள்ளிக்குப் பேச வந்தார். “கவரிங் கம்மல் போட்டுப் புண்ணாகும் பெண்களில் நிறையப் பேருக்குக் காரணம் நிக்கல்” என்றார். கெமிஸ்ட்ரி டீச்சர் என்பதால் என்னை முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். ரேவதி அப்போது படிப்பு முடித்துப் போயிருந்தாள். இப்போது எங்கே இருக்கிறாள் என்று தெரியாது.

எனக்குத் தெரிந்த விஷயம்தான். புத்தகத்தில் தெரிந்திருந்தது. உனக்கும் நேற்று இதே குழப்பம்தான். “எவர்சில்வர் டம்ளர்லயும்தான் நிக்கல் கீது, அவ தண்ணி குடிக்கலியா?” என்று மடக்கினாய். கீது என்று நீ பேசினாலே அத்தை வீட்டுப் பிள்ளையாக மாறிவிட்டாய் என்று அர்த்தம். டம்ளரில் நிக்கலோடு குரோமியமும் இருக்கிறது. அது காற்றுப் பட்டதும் கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய படலமாக மேலே மூடிக்கொள்ளும். உரசினாலும் திரும்ப மூடிக்கொள்ளும். உள்ளே இருப்பது சுலபத்தில் வெளியே வராது. இந்த மெட்டியில் அந்தக் காவல் இல்லை. விரலிடுக்கில் எப்போதும் வியர்வை. வியர்வையில் உப்பு. நிக்கல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து தோலுக்குள் போகும். தாலி கட்டிய மறுநாள் ஒன்றும் தெரியாது. அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ அரிக்கும். மறுவீட்டுக்கு வரும்போது காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டு உட்காருவாள். மெட்டியைக் கழற்றினால் யாராவது ஏதாவது சொல்வார்கள், அதனால் கழற்றமாட்டாள். பொறுத்துக்குவேன் என்றாளே, அது இதுதான்.

உன்னிடம் நான் ஒரே ஒரு அறிவுரைதான் சொல்லப்போகிறேன், அது இந்த இடத்தில் வருகிறது. உன் மனைவி பொறுத்துக்குவேன் என்று சொன்னால் விஷயம் முடிந்தது என்று எடுத்துக்கொள்ளாதே. அங்கேதான் ஆரம்பம். எதைப் பொறுத்துக்கொள்கிறாய், எத்தனை நாளாக, யாருக்காக என்று கேள். நான் அந்த வார்த்தையை இந்த வீட்டில் சில வருடங்கள் சொல்லியிருக்கிறேன். உன் அப்பா நல்லவர், ஆனால் கேட்டதில்லை. சரி என்று சொன்னால் சரி என்று நம்பிவிடுகிற மனிதர். என்னைப் போலச் சந்தேகப்படுகிறவர்களுக்கும் ஒரு உபயோகம் உண்டு.

இனி எழுதப்போவது எனக்குக் கஷ்டமானது. நேற்று உன் கேள்விக்குப் பின்னால் இன்னொரு கேள்வி இருந்தது. அத்தை கொடுத்ததை நான் சோதித்தது நித்யாவின் காலுக்காகவா, வேறு காரணத்துக்காகவா என்று. நீ கேட்கவில்லை, நானே கேட்டுக்கொண்டேன். உனக்கு இரண்டு வயதில் எனக்குச் செய்யாறு பக்கம் வேலை கிடைத்தது. மூன்று வருடம் நீ அத்தையிடம் வளர்ந்தாய். தறி ஓடுகிற சத்தத்தில்தான் தூங்குவாய், கரண்ட் போனால் விழித்துக்கொண்டு அழுவாய். நான் சனிக்கிழமைதோறும் வருவேன். ஒரு சனிக்கிழமை அத்தை உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு, “யாரு வந்துகினுகீறாங்க பாரு நைனா” என்றாள். நீ என்னைப் பார்த்து, “டீச்சரம்மா” என்றாய். அவள் என்னை அப்படிக் கூப்பிடுவதால் நீயும் அப்படியே கூப்பிட்டாய். அதில் ஒரு குற்றமும் இல்லை. அத்தை விழுந்து விழுந்து சிரித்தாள், நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு இன்றைக்கும் எனக்குச் செரிக்கவில்லை என்பதை நேற்றுதான் கண்டுபிடித்தேன். முனையில் பஞ்சு சிவந்தபோது எனக்குள் வருத்தம் இருந்தது, பயம் இருந்தது. கடுகளவு வேறொன்றும் இருந்தது. அவள் கொடுத்ததிலும் ஒரு குறை இருக்கிறது என்கிற ஒரு அற்பத் திருப்தி. அது எவ்வளவு என்று அளக்க என்னிடம் புட்டி இல்லை. இருந்தது என்பதை உன்னிடம் மறைக்க விரும்பவில்லை.

இந்த இடத்தில் மாங்கனீசு பல ஆக்சிஜனேற்ற நிலைகளில் இருக்கும், மனிதர்களும் அப்படித்தான் என்று ஏதாவது எழுதினால் அழகாக இருக்கும். பிரிவு உபசார விழாவில் எங்கள் தமிழாசிரியை பேசும்போது, அம்மா என்பவள் வினையூக்கி, எல்லாவற்றையும் நடத்திவிட்டுத் தான் மாறாமல் நிற்பாள் என்பார். எனக்கு ஒப்புதல் இல்லை. வினையூக்கிகூட வினையில் கலந்துகொண்டுதான் வெளியே வருகிறது, நாள்பட்டால் நஞ்சேறிச் செயலிழக்கவும் செய்கிறது. நான் மாறியிருக்கிறேன். உன்னைப் பெற்றதற்கு முன்னால் இருந்தவள் இல்லை நான். பெரும்பாலும் நல்லதற்குத்தான் மாறினேன் என்று நினைக்கிறேன். அதில் உன் பங்கு அதிகம். இதை உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல என்னால் ஆகாது.

அதனால் முடிவைச் சொல்கிறேன். மெட்டியை மாற்றி வைக்கமாட்டேன். மாற்றி வைத்தால் அத்தை வாங்கியதை நான் திருடியதாகும். நித்யா உன் அத்தைக்கு நன்றி சொல்லும்போதெல்லாம் அது பொய்யான நன்றியாகும். மற்றதை எழுதிக்கொள்ளுங்கள் என்று நாற்பது பேருக்குச் சொன்னதை என் மருமகளின் காலிலும் செய்யவேண்டாம். நாளைக் காலை பத்திரிகை வைக்கவேண்டியவர்களின் பட்டியல் எழுத அத்தை வருகிறாள். சொல்லிவிடுவேன். எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அவள் அழுதால் என்ன செய்வேன் என்றும் தெரியவில்லை. அவள் அழுது நான் பார்த்தது ஒரே ஒரு தடவைதான். பின்வரிசைக்குப் போனவளை இன்னும் பின்னால் தள்ளிவிடுவேனோ என்பதுதான் என் பயம். நீ என்மேல் கோபப்பட உனக்கு உரிமை இருக்கிறது.

கடிதத்தை இத்தோடு மடித்து வைத்திருந்தேன். நாளை நடப்பதைப் பார்த்துவிட்டு அனுப்பலாம் என்று தோன்றியதால் ஒட்டவில்லை.

ஞாயிறு மதியம். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

அத்தை ஒன்பது மணி பஸ்ஸில் வந்தாள். காபி குடிக்கும்வரை பொறுத்துவிட்டு, “அண்ணி, மெட்டியில நிக்கல் கலந்திருக்கு. நித்யாவுக்கு அது ஆகாது” என்றேன். ஒத்திகை பார்த்து வைத்திருந்த வாக்கியங்கள் ஒன்றும் வரவில்லை.

“வெள்ளின்னுதானே குட்த்தான்” என்றாள்.

“மேலதான் வெள்ளி.”

“உனக்கு எப்டித் தெரியும்?”

ஆய்வகத்திலிருந்து கொண்டுவந்திருந்த கரைசல் புட்டியையும் அம்மோனியாப் புட்டியையும் பஞ்சையும் எடுத்தேன். நான் தேய்க்கப் போனபோது, “குடு இப்டி” என்று பிடுங்கிக்கொண்டாள். நூல் அறுந்தால் ஒரு நொடியில் முடிச்சுப் போடுகிற விரல்கள். முனையில் அழுத்தித் தேய்த்தாள். பஞ்சு சிவந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உன் அப்பா செய்தித்தாளை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

“எது தேய்ச்சாலும் இப்டிதான் வருமா?” என்றாள். பிறகு சின்னக் குரலில், “இல்ல, நான் தேய்ச்சதாலயா?”

முதலில் எனக்குப் புரியவில்லை. புரிந்ததும் என் கொலுசைக் கழற்றி அவள் கையில் கொடுத்தேன். “இதையும் நீங்களே தேய்ங்க அண்ணி.” தேய்த்தாள். வெள்ளை. வெள்ளிக் குங்குமச் சிமிழைக் கொடுத்தேன். குங்குமச் சிமிழைத் தொடுவதற்கு ஒரு கணம் தயங்கினாள். பிறகு அடியில் தேய்த்தாள். வெள்ளை. அவளே எழுந்துபோய் பூஜை அலமாரியிலிருந்து வெள்ளி விளக்கை எடுத்து வந்தாள். அதுவும் வெள்ளை. மறுபடி மெட்டி, மறுபடி சிவப்பு.

“அப்போ கோளாறு என் கையில இல்ல” என்றாள்.

“இல்ல அண்ணி.”

“பொருள்லதான்.”

“பொருள்லதான்.”

அவள் அழவில்லை. பஞ்சைக் கீழே வைத்துவிட்டு, “யேய், சட்டைய மாட்டுடா” என்று உன் அப்பாவை எழுப்பினாள். “டீச்சரம்மா, அந்த ரெண்டு புட்டியும் எட்த்துக்கோ. கடைக்குப் போலாம்.”

கடைக்காரர் முதலில் சிரித்தார். “வெள்ளிதாம்மா, பாருங்க, முத்திர கீது.”

“முத்திர கீதுய்யா, வெள்ளி கீதா?” என்று கல்லாமேல் மெட்டியை வைத்து அவர் முன்னாலேயே தேய்த்தாள். முருகன் மலைக்குப் போகிற வழியில் நேர்த்திக்கடன் வேல் வாங்க வந்திருந்த ஒரு தெலுங்குக் குடும்பம் எட்டிப் பார்த்தது. சிவந்ததும் அந்த அம்மா தன் கழுத்துச் சங்கிலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கடைக்காரர், மொத்த வியாபாரி தன்னை ஏமாற்றிவிட்டதாகச் சொன்னார். உண்மையாகவும் இருக்கலாம், எனக்குத் தெரியாது. “இருக்கற ஜோடி எல்லாத்தயும் எட்த்து வையி” என்றாள் அத்தை. தட்டில் ஒவ்வொன்றாக வாய்முனையில் தேய்த்தாள். நான் சொட்டு விட்டுக்கொண்டே இருந்தேன், உன் அப்பா பஞ்சு கிழித்துக் கொடுத்தார். பூ வைத்தது சிவந்தது, மயில் சிவந்தது, நெளி சிவந்தது. கடைசியில் இரண்டு ஜோடிதான் வெள்ளையாக நின்றன. அதில் ஒன்று விரலுக்குப் பெரிது. மற்றது ஒரு வேலைப்பாடும் இல்லாத வெறும் கம்பி. அழுத்தினேன், மெதுவாக வளைந்து கொடுத்தது.

“சப்பையா கீதே” என்றாள் அத்தை.

“எனக்கு இதான் பிடிச்சிருக்கு” என்றேன்.

“உனக்கு எதுதான் புடிக்கும், வெறுங்கம்பிதான் புடிக்கும்” என்றாள். ஆனால் நித்யாவுக்கு அப்போதே போன் போட்டாள். ஸ்பீக்கரில். “கண்ணு, பூ இல்லாத மெட்டி, பரவால்லியா?” நித்யா ஏதோ சொல்ல ஆரம்பித்து நின்றுவிட்டாள். பிறகு, “இதுல நிக்கல் இல்லல்ல பெரியம்மா?” என்று கேட்டாள். முதல் தடவையாகக் கேட்டாள். அத்தை கடைக்காரரைப் பார்த்துக்கொண்டே, “நானே என் கையால தேய்ச்சுப் பாத்துட்டேன். ஒண்ணும் இல்ல” என்றாள்.

பஸ் ஸ்டாண்டில் நின்றபோது, கல்யாணம் வரை பீரோவில் பூட்டி வைக்கலாம் என்று வாங்கிய வெறுங்கம்பி மெட்டியின் பெட்டிக்காக நான் கை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை. தன் சுருக்குப் பையைத் திறந்து பெட்டியை உள்ளே போட்டுக் கயிற்றை இழுத்தாள்.

“இது என்கிட்டயே இருக்கட்டும்” என்றாள். “அன்னிக்கு அம்மி கிட்ட நானே எட்த்தாறேன்.”